முதுகில் நின்ற விரல்

"கண்ணை மூடுங்க" என்றாள், மூடிக்கொண்டேன். சீயக்காய் கண்ணில் பட்டால் பொழுதுக்கும் எரியும். ஆனால் நான் மூடிக்கொண்டது சீயக்காய்க்குப் பயந்து மட்டும் இல்லை. சனிக்கிழமை காலையில், சாத்தூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லை ஒட்டி முக்காலி போட்டு, இடுப்பில் துண்டோடு உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் எனக்குக் கண் வேண்டாம், முதுகு போதும். தன் முதுகைத் தானே பார்த்தவன் எந்த ஊரில் இருக்கிறான். என் முதுகில் என்ன இருக்கிறது, என்ன போயிருக்கிறது என்பதை என் மனைவி வேலுத்தாயின் விரல்தான் எனக்குச் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல மாட்டாள். எப்போது கேட்டாலும் "குறைஞ்சிருக்கு" என்று ஒரே பதில், பஸ்ஸில் நான் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று சொல்கிற மாதிரி, உள்ளே இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே வருகிற பதில். விரல் அப்படி இல்லை, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. வழுக்கிக்கொண்டு போனால் அங்கே ஒன்றும் இல்லை. தடுக்கினால் ஒரு கட்டி இருக்கிறது. நின்றால்? போன சனிக்கிழமை நின்றது. வலது தோள்பட்டைக்குக் கீழே, கை எட்டாத இடத்தில், வழுக்கிக்கொண்டு வந்த விரல் நின்றது. தடுக்கிவிட்டு நகரவில்லை, நின்றது. அவள் மூச்சு விடுகிற சத்தம்கூட மாறியது. அப்புறம் ஒரு செம்பு தண்ணீரை மொண்டு ஊற்றி, "எந்திரிங்க, துவட்டிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுக்கப் போய்விட்டாள். நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

வாரம் முழுக்க அந்த விரல் அங்கேயே நின்றது. மதுரையில் டிக்கெட் கிழிக்கும்போது, திருமங்கலம் தாண்டும்போது, கோவில்பட்டியில் இறங்கி டீ குடிக்கும்போது, சட்டைக்கு அடியில் அந்த இடம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது. வேறு என்ன. பழையது கரைகிறது என்றால் அவள் நிற்க மாட்டாள், சந்தோஷத்தில் வேகமாகத் தேய்ப்பாள். புதிது, அதுவும் பெரிது. பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற சாக்கில் டிரைவர் ஞானதுரை என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். "என்ன அண்ணாச்சி, முதுகைச் சீட்டுக் கம்பியில தேய்க்கீக, அரிக்குதோ?" "அரிக்கலை." "பின்ன?" "சும்மா." அரித்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முதலில் அரிப்பில்தானே இது ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் கூட்டத்துக்குள் நெருக்கி நெருக்கிப் போய் டிக்கெட் போடுகிறவனுக்கு முதுகு அரிக்காமல் என்ன செய்யும், வேர்க்குரு என்று விட்டுவிட்டேன். முழங்கையிலும் வந்தது. உட்காருகிற இடத்திலும் வந்தது, அதை யாரிடம் காட்டுவது. வேலுவும் பார்க்கவில்லை. நான் வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கியிருப்பாள், அவள் எழுந்திருக்கும்போது நான் டெப்போவில் இருப்பேன். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவன் முதுகில் இத்தனை முளைத்திருக்கிறது, இன்னொருத்திக்குத் தெரியவில்லை என்றால் நாங்கள் எந்த லட்சணத்தில் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று பின்னால்தான் யோசித்தேன். யோசித்து வெட்கப்பட்டேன்.

இதோ ஆரம்பித்துவிட்டாள். சீயக்காயைத் தலையில் வைத்துப் பரபரவென்று தேய்க்கிறாள், தலை போனால் போகட்டும், எனக்கு முதுகுதான். எண்ணெய் இல்லாத எண்ணெய்க் குளியல் இது. காலங்காலமாகச் சனிக்கிழமை என்றால் தானே நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்புக்கு இப்போது ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. "மேலே தேய்க்கிற எண்ணெய் உள்ளே போகாதும்மா, தாராளமாத் தேய்ச்சு விடுங்க" என்று மதுரை தோல் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். வேலு நம்பவில்லை. "அந்தம்மா சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும். எண்ணெய்ங்கிற பேரே இந்த உடம்புப் பக்கம் வரக் கூடாது." எண்ணெய் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஆத்திரம் என் மேல் வந்திருக்க வேண்டும், பாவம், எண்ணெய் மேல் போய்விட்டது. நெடுஞ்சாலை மோட்டலில் பஸ்ஸை நிறுத்தினால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி ரூம், தனி சாப்பாடு, எல்லாம் ஓசி. பயணிகளுக்கு வெளியே காய்ந்துபோன தோசை, எங்களுக்கு உள்ளே ஃபேனுக்குக் கீழே எண்ணெயில் மிதக்கிற பரோட்டா, கோழி, மேலே ஒரு ஆம்லெட், அதற்கு மேலே "அண்ணாச்சி, இன்னொண்ணு வைக்கட்டா?" என்கிற உபசாரம். போகும்போது ஒரு ரூம், வரும்போது ஒரு ரூம். வேண்டாம் என்று சொன்னால் மோட்டல்காரர் முகம் வாடிவிடும். அவர் முகம் வாடக் கூடாது என்று வருஷக்கணக்காகச் சாப்பிட்டிருக்கிறேன். அதெல்லாம் எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. முதுகுக்குப் போயிருக்கிறது.

கழுத்துக்கு வந்துவிட்டாள். கழுத்தில் எப்போதும் ஒன்றும் கிடையாது, அங்கே அவள் விரல் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும். பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கிறார்கள். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கே எனக்கு நாக்கு ஊறுகிறது, இந்த நாக்கை என்ன செய்வது. அவளுக்கும் அது கேட்டிருக்கும், கழுத்தில் லேசாக ஒரு தட்டு விழுந்தது. முதன்முதலில் அவள் பார்த்தது இதே கல் பக்கத்தில்தான். லீவில் இருந்த ஒரு நாள், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முகம் கழுவினேன். பின்னாலிருந்து "ஆத்தாடி" என்று ஒரு சத்தம். திரும்பினால் வேலு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என் முதுகைக் கும்பிடுகிறாள். கட்டின நாளிலிருந்து என்னை ஒரு தடவை கும்பிட்டவள் இல்லை. "அசையாதீக. ஆத்தா வந்திருக்கா. முத்துப் போட்டிருக்கு." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெயில் காலம், உடம்பெல்லாம் சின்னச் சின்னதாக, ஒரே சீராக முத்து. அம்மை இல்லாமல் வேறென்ன. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. டெப்போவுக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. அம்மை என்றால் அங்கே யாரும் எதிர்க் கேள்வி கேட்க மாட்டார்கள், "ஆத்தா மனசு குளிரட்டும்யா, நீ மெதுவா வா" என்று மேனேஜரே சொன்னார். வீட்டில் தாளிப்பு நின்றது, வெளியாள் நடமாட்டம் நின்றது. நான் வேப்பிலைப் படுக்கையில் படுத்திருக்க, வேலு இளநீரும் நுங்கும் பனங்கற்கண்டுத் தண்ணீரும் மாம்பழமுமாகக் கொண்டுவந்து ஊட்டினாள். ரத்தத்தில் சர்க்கரை கொடிகட்டிப் பறக்கிற ஒருவனுக்கு, அது தெரியாமல், பனங்கற்கண்டு. குளிரும் குளிரும் என்று சொல்லிச் சொல்லி ஊட்டினாள். நானும் ஆவென்று வாயைத் திறந்தேன். அந்த நாட்களில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். என்னை யாரும் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கவனித்தது கிடையாது.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தலையிலிருந்து கால்வரை பூசிவிட்டாள். நான் முழுக்க மஞ்சளாகக் கிடந்தேன். அதனால்தான் தெரியவில்லை. அந்தக் கட்டிகள் தாங்களே மஞ்சள் என்று, மஞ்சள் பூசின உடம்பில் யார் கண்டுபிடிப்பது. முதல் தண்ணீர் ஊற்றினாள், முத்து இறங்கவில்லை. இரண்டாம் தண்ணீர், இறங்கவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றின அன்று உடம்பில் பூசின மஞ்சளெல்லாம் கழுவிப் போய்விட்டது, முத்துகள் மேல் மட்டும் போகவில்லை. தேய்த்தாள். பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள், தேங்காய் நாரால் தேய்த்தாள், ஆத்தாவைப் போய் நாரால் தேய்க்கிறோமே என்று பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி தேய்த்தாள். மஞ்சள் போகாது. நீர் கோத்த மாதிரி இருக்க வேண்டியது, கெட்டியாக, மெழுகு மாதிரி இருந்தது. "ஏங்க, இது ஆத்தா இல்லைங்க" என்று அவள் சொன்ன குரல் இப்போதும் காதுக்குள் இருக்கிறது. ஆத்தா என்றால் பயம் இல்லை, வருவாள், விளையாடுவாள், போவாள். ஆத்தா இல்லை என்றால் வேறு யார். அன்றைக்குத்தான் அவளுக்குப் புற்றுநோய் என்கிற வார்த்தை தோன்றியிருக்கிறது, சொல்லவில்லை, பஸ்ஸில் மதுரை போய்ச் சேருகிற வரைக்கும் என் சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் தினம் நூறு பேரை ஏற்றி இறக்குகிற ரூட்டில், ஜன்னலோர சீட்டில், முதுகைப் பிடித்த பெண்டாட்டியோடு பயணியாகப் போனேன்.

முதுகின் மேல்பகுதிக்கு வந்துவிட்டாள். இடது பக்கம். அவள் எப்போதும் இடதிலிருந்துதான் தொடங்குவாள். வழுக்குகிறது. வழுக்குகிறது. இங்கே கொத்தாக இருந்தது, இப்போது வழுக்குகிறது. இடதில் இருந்ததெல்லாம் போயிருக்கலாம், வலதில் வந்திருக்கலாம், இடம் மாறி உட்காருகிறதோ என்னவோ. டாக்டரம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது தோல் வியாதியே இல்லைங்க. உள்ள இருக்கிற கொழுப்பு நிறைஞ்சு வழிஞ்சு தோலுக்கு வந்திருக்கு. ரொம்ப அபூர்வமா வரும், நான் படிக்கும்போது படத்துல பார்த்தது." படத்தில் பார்த்ததை நேரில் பார்க்கிற சந்தோஷம் அந்தம்மா முகத்தில் இருந்தது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்தார்கள். சிவப்பாக வர வேண்டியது, தக்காளி சூப்பில் பால் ஊற்றின மாதிரி வந்தது. குழாயைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள், மேலே வெள்ளையாக ஏடு கட்டியது. வேலு அந்தக் குழாயையே பார்த்தாள். "ரத்தம்ங்க" என்றாள். நான் "பால் ஊத்திட்டாகன்னு நெனச்சுக்கோ" என்று சொன்னேன், சிரிப்புக்குத்தான் சொன்னேன், செத்தவனுக்குப் பால் ஊற்றுகிற நினைப்பு இரண்டு பேருக்குமே வந்துவிட்டது. டாக்டரம்மா அப்புறம்தான் குரலை இறக்கினார். கட்டி ஒன்றும் செய்யாது, கட்டியால் யாரும் சாகிறதில்லை. ரத்தத்தில் இவ்வளவு கொழுப்பு நின்றால் கணையம் எப்போது வேண்டுமானாலும் வீங்கும், வீங்கினால் இரண்டு நாளில் ஆளைத் தூக்கிவிடும். மாத்திரை, சர்க்கரைக்கு ஊசி, வாய்க்குப் பூட்டு. "கட்டி கரையுதான்னு பாருங்க. கரைஞ்சா உள்ள சரியாகுதுன்னு அர்த்தம். புதுசா வந்தா உடனே வந்திரணும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது."

புதுசா வந்தா. அந்த இரண்டு சொல்லைத்தான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். வந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாளே, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று அவளும்தானே கேட்டாள். சொல்லவில்லை என்றால் வரவில்லை. வரவில்லை என்றால் ஏன் நின்றாள். வருகிற திங்கட்கிழமை எப்படியும் ரத்தம் எடுக்கப் போகிறோம், அதுவரைக்கும் என் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்திருப்பாள். அவள் அப்படித்தான், கெட்ட சேதியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாள். ஆனால் நான் ஒன்றும் தின்னவில்லையே. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. ஆடிக் காற்று வந்துவிட்டது, சித்திரையிலிருந்து இந்த வாய் ஒரு பரோட்டாவைத் தொட்டதில்லை. மோட்டலில் பஸ் நின்றால் நான் கீழே இறங்குவதில்லை, கடைசி சீட்டில் உட்கார்ந்து அவள் கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறக்கிறேன். உப்பு மட்டும் போட்டு அவித்த புடலங்காய், கொள்ளு, ஒரு கைப்பிடி சோறு. முதல் வாரம் ஞானதுரை மட்டும் அந்த ரூமுக்குப் போனார். இரண்டாம் வாரம் பாதியில் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தனியாத் தின்னா இறங்க மாட்டேங்கு அண்ணாச்சி. மதினிகிட்டச் சொல்லி எனக்கும் ஒரு டப்பா கட்டச் சொல்லுங்க." அன்றிலிருந்து இரண்டு டப்பா. புடலங்காயைப் பார்த்து அவர் விடுகிற பெருமூச்சு டயருக்குக் காற்று அடிக்கிற மாதிரி இருக்கும், ஆனாலும் தின்கிறார். இத்தனை பேர் எனக்காகப் புடலங்காய் தின்னும்போது புதிதாக ஒன்று வரலாமா. வரக் கூடாது, நியாயம் என்று ஒன்று இருக்கிறது. நியாயம் முதுகுக்குத் தெரியுமா.

நடுமுதுகு. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருக்கிறது, சீயக்காய் அரைத்த கை. இந்தக் கையை நான் மறந்தே போயிருந்தேன். கட்டியெல்லாம் கரைந்துவிட்டால் இந்தச் சனிக்கிழமையும் போய்விடுமே என்று ஒரு நினைப்பு குறுக்கே வருகிறது. என்ன மனுஷன் நான். உயிர் பிழைத்தால் போதும் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன், பிழைத்துவிட்டால் இவள் முதுகு தேய்க்க மாட்டாளே என்று இன்னொரு பக்கம் நினைக்கிறேன். நல்ல உடம்புக்காரனுக்கு யார் தேய்த்து விடுவார்கள், போய்க் குளிங்க என்பாள். சாவுப் பயம் பெரிதா இது பெரிதா என்று கேட்டால் சாவுப் பயம்தான். ஆனால் இதுவும் இருக்கிறது. அவள் இல்லாமல் நான் செத்துப்போவது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிச் சொன்னால் சிரிப்பாள், செத்துப்போகிறவன் தனியாகத்தானே போகணும் என்பாள். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதோ வலது பக்கம் வந்துவிட்டது. மேல் தோள். காற்றில் முருங்கைக் கிளை தகரத்தில் உரசுகிற சத்தம் கேட்கிறது. விரல் இறங்குகிறது. இன்னும் கொஞ்சம். அந்த இடம். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விரல் அதைத் தாண்டிப் போய்விட்டது. நிற்கவில்லை. வேண்டுமென்றே நிற்காமல் போகிறாளோ, நான் கவனிக்கிறேன் என்று தெரிந்து தாண்டிப் போகிறாளோ. என்னால் முடியவில்லை.

"வேலு."

"ம்."

"போன வாரம் அந்த இடத்துல நின்னியே."

கை நின்றது. "எந்த இடத்துல?"

"வலது தோளுக்குக் கீழ. உன் விரல் நின்னுச்சு. எனக்குத் தெரியும். புதுசா வந்திருந்தாச் சொல்லிரு. நான் தாங்கிக்கிடுவேன்." சொல்லிவிட்டு, சீயக்காய் வாய்க்குள் போய்விட்ட மாதிரி இருமினேன்.

"அதைப் போயி ஒரு வாரமா மனசுக்குள்ள வச்சிருந்தீகளா?" அவள் முன்னால் வந்து குனிந்து என் முகத்தைப் பார்ப்பது, மூடின கண்ணுக்குத் தெரிந்தது. "கூறுகெட்ட மனுசா. கேட்டா என்ன?"

"நீ சொன்னா என்ன?"

"என்னத்தைச் சொல்ல. அது மச்சம்."

"என்ன மச்சம்?"

"உங்க மச்சம்தான், வேற யாரு மச்சம். கல்யாணம் ஆன புதுசுல பாத்தது. மிளகு கணக்கா இருக்கும். நடுவுல நான் எங்க பாத்தேன். இந்தச் சனியன் பிடிச்ச கட்டியெல்லாம் அது மேல ஏறி உக்காந்து ஆளையே காணோம், போயிருச்சுன்னுதான் நெனச்சேன். போன வாரம் கட்டி கரைஞ்சு அடியில இருந்து எட்டிப் பாக்குது. அப்படியேதான் இருக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, அதான் நின்னேன். கண்ணு கலங்குறதை நீங்க பாத்திருவீகளோன்னு துண்டெடுக்கப் போயிட்டேன்."

"கட்டி?"

"ஒண்ணுகூட இல்லை. மழுமழுன்னு இருக்கு."

எனக்கு முதுகில் மச்சம் இருக்கிறதா. சர்வீஸ் புத்தகத்தில் அங்க அடையாளம் என்று நாடியில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. நாற்பத்தெட்டு வயதுவரை என் உடம்பில் நான் அறியாத ஒன்றை இவள் பார்த்து, நினைவில் வைத்திருந்து, காணோம் என்று தேடியிருக்கிறாள். நான் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. கண்ணைத் திறக்கப் போனேன், "திறக்காதீக, எரியும்" என்றாள்.

"எங்க இருக்கு, காட்டு."

"இங்க" என்று விரலை வைத்தாள். வைத்துவிட்டு எடுக்கப் போனாள்.

"எடுக்காத. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு" என்றேன்.